ஜிப்புக்குள் \ குறி: லினக்ஸில் சரியாகப் பிரிப்பது எப்படி?

வணக்கம். டாட்நெட் ஃப்ரேம்வொர்க் (மைக்ரோசாஃப்டின் மென்பொருள் உருவாக்கத் தளம்) 4.6-இல் விண்டோஸில் உருவான ஜிப்புகளில் உள்பாதைகள் \ குறியோடு பதிவாகியுள்ளன. ஜிப் விதிப்படி / தான் வர வேண்டும். 4.6.1-இல் திருத்திவிட்டார்கள்; பழைய ஜிப்புகள் அப்படியேதான் இருக்கின்றன. லினக்ஸில் \ என்பது கோப்புப் பெயரில் வரக்கூடிய சாதாரண எழுத்து. அதனால் பைத்தானின் ஜிப்ஃபைல் (ஜிப்பைக் கையாளும் நிரல் தொகுதி) 'படம்\மே\1' என்பதை ஃபோல்டர்களாகப் பிரிக்காமல், அந்தப் பெயரிலேயே ஒரே கோப்பாக எழுதிவிடுகிறது. பிழைச்செய்தியும் வராது, அதுதான் ஆபத்து.

பெயர்களில் உள்ள \ எல்லாவற்றையும் / ஆக மாற்றிப் பிரித்தால் சரியாகிறது. ஆனால் லினக்ஸ் ஜிப் ஒன்றில் \ உண்மையிலேயே பெயரின் பகுதியாக இருந்தால்? ஜிப்பில் ஒவ்வொரு கோப்புக்கும் பதிவாகும், உருவாக்கிய இயங்குதளத்தைக் குறிக்கும் எண் 0 (டாஸ்) என்றால் மட்டும் மாற்றலாமா (லினக்ஸ் உள்ளிட்ட யூனிக்ஸ் வகைக்கு 3)? அந்த எண்ணை எவ்வளவு நம்பலாம்? பாதையில் '..' வந்து, பிரிக்கும் ஃபோல்டருக்கு வெளியே கோப்பு எழுதப்படாமல் தடுக்கும் சோதனையை மாற்றத்துக்குப் பிறகே வைத்திருக்கிறேன். செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.