திருவருகைக்கால வளையம்: மெழுகுதிரிக்கு இயற்கைச் சாயம் தெரிந்தவர்கள் உதவுங்கள்

கிறிஸ்து பிறப்புக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளில் ஒவ்வொரு மெழுகுதிரியாக ஏற்றும் தழை வளையத்தை, மண்ணுக்குத் திரும்பும் பொருள்களால் மட்டுமே இவ்வாண்டு செய்யத் திட்டம். படைப்பு அனைத்தும் பேறுகால வேதனையில் தவிப்பதாக உரோமையர் 8:22 சொல்கிறது. மீட்பரை வரவேற்கும் வளையமே குப்பையாகக் கூடாது.

பூ செருகும் பச்சை நுரைக்கட்டி வேண்டாம். அதுவும் பிளாஸ்டிக்தான், உதிர்ந்து நுண்துகளாகும். கொடிகளை வளைத்துச் சணல் கயிற்றால் கட்டினால் போதும். தழைகளை ஓரிரவு தண்ணீரில் நிறுத்திவிட்டுச் செருகி, வாரம் ஒருமுறை மாற்றுங்கள். காய்ந்த தழை சுடருக்கருகே ஆபத்து.

சிக்கல் மெழுகுதிரியில்தான். ஊதா மூன்று, மூன்றாம் ஞாயிறுக்கு ரோஜா நிறம் ஒன்று. பீட்ரூட், செம்பருத்திச் சாயம் நீரில்தான் கரையும், மெழுகில் கரையாது. பொடியாகக் கலந்தால் அடியில் படியும், திரியை அடைக்கும், சுடர் சுருங்கி அணையும். சமையலில் சிவப்பு நிறத்துக்குச் சேர்க்கும் ரத்தன்ஜோத் வேர் எண்ணெயில் நிறம் விடும். அதைத் துணியில் முடிந்து, சுமார் 63 டிகிரி செல்சியஸில் உருகும் தேன்மெழுகில் ஊறவைத்துப் பார்த்தவர்கள் உண்டா? ஒரு கிலோ மெழுகுக்கு எத்தனை கிராம், எவ்வளவு நேரம்? மஞ்சள் மெழுகில் ஊதா பழுப்பாகிவிடுமா, வெளுத்த மெழுகுதான் வேண்டுமா?

முதல் மெழுகுதிரி நான்கு வாரமும் எரியவேண்டும். 5 செ.மீ. தடிமனுக்கு எந்தப் பருமனில் பருத்தித் திரி போட்டால் நடுவில் குழி விழாது? இதையும் சொல்லுங்கள். நவம்பர் நடுவில் வார்க்கத் தொடங்கவேண்டும்.