வெள்ளெழுத்துக்குத் தானாக ஃபோகஸ் மாற்றும் கண்ணாடி: சால்டரிங் வேலைக்குச் சரிவருமா?

சால்டர்52:
வணக்கம். வயது 52. தூரப் பார்வைக்குப் பவர் இல்லை, சிலிண்டரும் (சிதறல் பார்வைக்கான பவர்) இல்லை. கிட்டத்துக்கு இரண்டு கண்ணுக்கும் +2.00, ப்ரோக்ரெசிவ் (மேலிருந்து கீழே பவர் படிப்படியாகக் கூடும் கண்ணாடி) போடுகிறேன். வேலை இன்வெர்ட்டர், டிவி போர்டு சர்வீஸ். சால்டரிங் வைக்கும்போது கண்ணுக்கும் போர்டுக்கும் 28 செ.மீ.; மீட்டரும் மானிட்டரும் 70 செ.மீ.யில். 28இல் ஐசி கால்கள் ஒன்றோடொன்று ஒட்டினாற்போல் தெரிகின்றன. தலையைப் பின்னுக்கு இழுத்தால் தெளிகிறது, அரை மணி நேரத்தில் பிடரி பிடித்துக்கொள்கிறது. பார்க்கும் தூரத்துக்கேற்பத் தானே பவர் மாற்றும் எலக்ட்ரானிக் கண்ணாடி ஜப்பானில் விற்பதாகப் படித்தேன். ஐம்பது, அறுபதாயிரம் செலவழிக்கத் தயார். வாங்கலாமா?

அச்சுப்புள்ளி:
வாங்குவதற்கு முன் ஒரு அளவு எடுங்கள். +2.00 பகுதி வழியாக மாத்திரை அட்டையின் பொடி எழுத்தைப் பார்த்தபடி மெல்லக் கண்ணருகே கொண்டுவாருங்கள். எழுத்து கலங்கத் தொடங்கும் இடத்தை டேப்பால் அளந்து சொல்லுங்கள்.

சால்டர்52:
மூன்று முறை அளந்தேன். 29, 29, 28.5 செ.மீ.

அச்சுப்புள்ளி:
அப்படியென்றால் கோளாறு எங்கே என்று தெரிந்துவிட்டது. 1-ஐ 0.29 மீட்டரால் வகுத்தால் சுமார் 3.5 டயாப்டர் (லென்ஸ் பவரின் அலகு). அதில் 2.00 கண்ணாடி தருகிறது. மீதி 1.5தான் உங்கள் கண்ணின் சொந்தச் சக்தி. 28 செ.மீ.க்கு 3.57 வேண்டும். அதாவது, கண்ணில் இருக்கும் சக்தி முழுவதையும் பிழிந்தும் போதவில்லை. சொந்தச் சக்தியில் பாதியைக் கையிருப்பாக விட்டால்தான் நாள் முழுக்க வேலை ஓடும். ஆக 3.57-இலிருந்து 0.75 கழித்தால் 2.82. உங்களுக்கு வேண்டியது +2.75.

+2.00 தப்பான பவர் இல்லை. 40 செ.மீ.யில் புத்தகம் படிப்பவருக்கு அது சரி. பரிசோதனை அட்டையை அந்தத் தூரத்தில்தான் பிடிப்பார்கள். நீங்கள் தூரத்தைச் சொல்லாவிட்டால் எல்லோருக்கும் 40தான். +2.75 போட்டால் 24 முதல் 36 செ.மீ. வரை தெளிவு, 28 அதன் நடுவில் வசதியாக விழும்.

படிகவியல்:
கணக்கு சரி. எலக்ட்ரானிக் கண்ணாடி பற்றி நான் சொல்கிறேன். மூன்று வழிகளில் முயன்றிருக்கிறார்கள்.

முதலாவது, திரவப் படிகம். 2011இல் அமெரிக்காவின் பிக்சல்ஆப்டிக்ஸ் 'எம்பவர்' என்று கொண்டுவந்தது; 2013இல் நிறுவனம் மூடப்பட்டது. அதே வழியில் ஜப்பானின் மிட்சுயி கெமிக்கல்ஸ் 2018இல் 'டச்ஃபோகஸ்' வெளியிட்டது. கண்ணாடிக் காம்பைத் தொட்டால் லென்ஸின் கீழ்ப்பகுதிக்குக் கிட்டப் பவர் கூடும். முழு லென்ஸையும் ஏன் மாற்றவில்லை என்று கேட்கலாம். 20 மி.மீ. அகல லென்ஸுக்கு +2.00 தர, நடுவுக்கும் ஓரத்துக்கும் 100 மைக்ரான் ஒளிப்பாதை வித்தியாசம் வேண்டும். ஒளிவிலகல் வேறுபாடு 0.2 உள்ள படிகத்தில் அதற்கு அரை மி.மீ. கனம் தேவை. டிவி பேனலில் இருப்பது ஒருசில மைக்ரான்தான். கனம் நூறு மடங்கானால் படிகம் பழைய நிலைக்குத் திரும்பும் நேரம் பத்தாயிரம் மடங்காகும். அதனால் மெல்லிய படலத்தில் வளையம் வளையமாக வெட்டித்தான் பவர் தருகிறார்கள். வளைய விளிம்பில் ஒளி சிதறும், வெள்ளைப் புள்ளியைச் சுற்றி நிறக்கோடு தெரியும். போதாததற்கு, ஒரு படலம் ஒரு திசை அதிர்வுள்ள ஒளியை மட்டுமே குவிக்கும். குறுக்காக இரண்டாவது படலம் வைக்காவிட்டால் நிழல் பிம்பம் வரும்.

இரண்டாவது, நெகிழும் படலத்துக்குள் திரவம். 2017இல் யூட்டா பல்கலைக்கழகம் கிளிசரினை அடைத்து, பீசோ தகட்டால் (மின்சாரம் கொடுத்தால் வளையும் தகடு) வளைவை மாற்றிக் காட்டியது. ஒளித் தரத்தில் எனக்குப் பிடித்தது இதுதான். ஆனால் ஃப்ரேம் தடிமன், கனம்.

மூன்றாவது, கண்ணுக்கு நேரே சிறு துளை அளவில் ஒரு திரவ லென்ஸ். ஹோயா நிறுவனத்திலிருந்து பிரிந்த விக்சியன், 2023இல் 'விக்சியன்01' என்று விற்பனைக்குக் கொண்டுவந்தது இந்த வகை. நீங்கள் படித்தது இதுவாக இருக்கும். துளைக்கு வெளியே பவர் இல்லை, எனவே தெளிவாகத் தெரியும் பரப்பு குறுகல்.

லென்ஸைவிடப் பெரிய சிக்கல், நீங்கள் எதைப் பார்க்கிறீர்கள் என்று கண்ணாடிக்குத் தெரிய வேண்டும். மூக்குப் பாலத்தில் உள்ள தூர சென்சார் முகம் நோக்கும் திசையை அளக்கிறது, கண் நோக்கும் திசையை அல்ல. முகத்தை நேரே வைத்து 30 டிகிரி கீழே பார்த்தால், 30 செ.மீ. தூரத்தில் சென்சார் குறி 17 செ.மீ. மேலே இருக்கும். போர்டுக்குப் பின்னால் இருக்கும் ரேக்கை அளந்துவிடும். தலையைக் குனிந்தால் சால்டரிங் அயர்ன் பிடித்த கை 20 செ.மீ.யில் குறுக்கே வரும். போர்டு 30இல் இருக்க, பிழை 1.67 டயாப்டர். பளபளப்பான ஹீட்சிங்க்கும் தடுமாற வைக்கும்.

கண் இரண்டும் எவ்வளவு உள்நோக்கித் திரும்புகின்றன என்று பார்த்துத் தூரம் கணிப்பது இன்னொரு வழி. 2019இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் கண் நோக்கையும் ஆழக் கேமராவையும் சேர்த்தது, ஒன்று பிசகினால் மற்றது காப்பாற்றட்டும் என்றுதான். கருவிழி இடைவெளி 63 மி.மீ. உள்ளவருக்கு ஒரு டயாப்டருக்கு 3.6 டிகிரிதான் திருப்பம்; கணிப்பில் 1 டிகிரி பிசகினால் பவர் 0.28 மாறிவிடும். மாறுகண் உள்ளவர்களுக்கு இந்த முறை உதவாது.

உங்கள் வேலைக்கு இப்போது வேண்டாம் என்பது என் கருத்து. இரண்டே தூரங்கள், இரண்டும் மாறாதவை. அதற்கு சென்சார் எதற்கு?

சால்டர்52:
நன்றி சார். அப்போது +2.75 ரெடிமேட் ரீடிங் கண்ணாடி போதுமா? மானிட்டர் தெரியுமா?

அச்சுப்புள்ளி:
மானிட்டர் தெரியாது, 36 செ.மீ.யோடு தெளிவு முடிந்துவிடும். ரெடிமேடில் இன்னொரு தொந்தரவு: லென்ஸ் மையங்கள் பெரும்பாலும் 62, 64 மி.மீ. இடைவெளியில் இருக்கும். 28 செ.மீ.யில் உங்கள் கருவிழிகள் சுமார் 5 மி.மீ. நெருங்கிவிடும். அந்த வித்தியாசம் இரு கண்ணிலும் சேர்ந்து ஒன்றரைப் பிரிசம் (லென்ஸ் ஒளியைப் பக்கவாட்டில் திருப்பும் அளவின் அலகு) அளவுக்குக் கண்ணை உள்ளே இழுக்கச் சொல்லும். பத்து நிமிடம் பார்க்கலாம், எட்டு மணி நேரம் முடியாது.

ஆபீஸ் லென்ஸ் என்று கேளுங்கள். கீழே +2.75, மேலே +0.75, குறைவு (கீழிருந்து மேலே குறையும் பவர்) 2.00 என்று எழுதச் சொல்லுங்கள். மேல்பகுதி 70 செ.மீ. மானிட்டருக்குக் கச்சிதம், 1.3 மீட்டருக்கு அப்பால் கலங்கும், எனவே பைக் ஓட்டும்போது கழற்றிவிட வேண்டும். கடைக்கு ஒரு பழைய போர்டைக் கையோடு எடுத்துப் போங்கள். சோதனை ஃப்ரேமில் +2.75 போட்டு, வேலை செய்யும் அதே சாய்வில் 28 செ.மீ.யில் அதைப் பிடித்துப் பார்த்த பிறகே ஆர்டர் கொடுங்கள். ஃப்ரேமை மூக்கில் சரியாக உட்காரவைத்த பின்தான் மையமும் உயரமும் குறிக்க வேண்டும். பிறகு ஃப்ரேம் 2 மி.மீ. இறங்கினாலே கிட்டப் பகுதி கண்ணுக்குக் கீழே போய்விடும்.

படிகவியல்:
ஒன்று சேர்க்கிறேன். ஃப்ளக்ஸ் (சால்டரிங் பசை) தெறிக்கும் என்று பாலிகார்பனேட் லென்ஸ் எடுத்தால், போர்டு கழுவும் அசிட்டோன், தின்னர் அதன் மேல் படக் கூடாது. விரிசல் விட்டு மங்கிவிடும். லென்ஸைத் துடைக்க மிதமான சோப்புத் தண்ணீர் போதும்.

சால்டர்52:
பழைய இன்வெர்ட்டர் போர்டு ஒன்று எடுத்து வைத்துவிட்டேன். சனிக்கிழமை கடைக்குப் போகிறேன்.