புதுப்பிப்பு: பீச் காப்ளர், சாறு ஓடாமல் வந்துவிட்டது

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்துப் பீச் பழத்தில் காப்ளர் (பழத்தை மாவோடு சேர்த்து ஓவனில் வேகவைக்கும் இனிப்பு) செய்யப்போகிறேன், சாறு இறங்கி மாவு சொதசொதவென்று ஆகாமல் இருக்க என்ன வழி என்று இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி, அருமையாக வந்தது!

பழத்தைக் கொதிநீரில் ஒரு நிமிடம் போட்டு ஐஸ் தண்ணீருக்கு மாற்றியதும் தோல் கையோடு வந்துவிட்டது. நறுக்கி, சர்க்கரை தூவி அரை மணி நேரம் வைத்தேன். கிண்ணத்தில் தேங்கிய சாற்றை மட்டும் வடித்து, கொஞ்சம் கார்ன்ஃப்ளார் கரைத்துக் காய்ச்சி, பளபளவென்று கெட்டியானதும் பழத்தோடு கலந்தேன். இதைச் சொன்னவருக்குத் தனி நன்றி.

அப்புறம் மாவு: ஒரு கப் மைதா, ஒரு கப் பால், முக்கால் கப் சர்க்கரை, ஒன்றரை டீஸ்பூன் பேக்கிங் பவுடர், சிட்டிகை உப்பு. பேக்கிங் பாத்திரத்தில் 110 கிராம் வெண்ணெயை உருக்கி, அதன் மேல் மாவு, அதற்கும் மேல் பழம். கிளறவே கூடாது. 190 டிகிரி செல்சியஸில் வேக வேக, மாவு தானாக மேலேறிப் பழத்தை மூடிக்கொள்கிறது. ஓரமெல்லாம் வெண்ணெயில் பொரிந்து மொறுமொறுப்பு. எனக்கு 45 நிமிடம் பிடித்தது.

என்ன பழம் என்று கேட்டவருக்கு: கொட்டை ஒட்டாத ரகம். ஜார்ஜியாவில் அது ஜூன் பாதிக்கு மேல்தான் நிறைய வரும். மே மாதப் பழத்தில் கொட்டையோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும், சரியாக நறுக்க வராது.