பதில்: பங்க் இசை பேசும் ‘ஆதென்டிசிட்டி’க்கு என்ன சொல்?

வணக்கம்.

பங்க் என்ற முரட்டு ராக் இசையைப் பற்றித் தமிழில் எழுதும்போது ‘ஆதென்டிசிட்டி’க்கு, அதாவது ஒருவர் போலியில்லாமல் உண்மையாக இருப்பதற்கு, என்ன சொல் போடலாம் என்று கேட்டிருந்தீர்கள், பலரும் சொற்கள் தந்திருக்கிறார்கள். முதலில், ‘பங்க்’கை அப்படியே விட்டுவிடலாம். பெட்ரோல் பங்க் ஞாபகம் வரத்தான் செய்யும், இரண்டு வரி படித்தால் தெளிந்துவிடும்.

‘நம்பகத்தன்மை’ எனக்கு ஒத்துவரவில்லை, அது சாட்சிக்கும் செய்திக்கும் போடுகிற சொல். ‘அசல்தன்மை’ பரவாயில்லை. ஆனால் செக்ஸ் பிஸ்டல்ஸ் என்ற பங்க் குழுவை நிர்வகித்த மால்கம் மெக்லாரன் லண்டன் கிங்ஸ் ரோட்டில் விவியன் வெஸ்ட்வுட்டோடு துணிக்கடை நடத்தியவர், கிழிசல் சட்டையும் அங்கே காசுக்குத்தான் விற்றது. அப்படித் தொடங்கிய ஒன்றில் எது அசல், எது நகல் என்று யார் பிரிப்பது? ‘மெய்ப்பாடு’ என்று எழுதியவருக்கு: உள்ளத்து உணர்ச்சி உடலில் தெரிவதைச் சொல்ல அதைத் தொல்காப்பியம் எடுத்துக்கொண்டு ரொம்ப நாளாகிறது.

நேற்று வந்த ‘தன்மெய்மை’ அழகான சொல், இருத்தலியம் (எக்ஸிஸ்டென்ஷியலிசம்) என்ற தத்துவம் பற்றி எழுதினால் நானே எடுத்துக்கொள்வேன். பங்க்கில் மட்டும் ‘நான் மெய்யானவன்’ என்று ஒருவர் தானே சொல்லிக்கொள்ள முடியாது, சொன்னாலே சந்தேகம் வந்துவிடும். கூட இருப்பவர்கள் கொடுத்து, கூட இருப்பவர்களே பிடுங்கிக்கொள்கிற பட்டம் அது. 1977 ஜனவரியில் க்ளாஷ் என்ற லண்டன் பங்க் குழு சிபிஎஸ் என்ற பெரிய இசைத்தட்டு நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டது. பங்க் அன்றே செத்துவிட்டது என்றார் ‘ஸ்னிஃபின் க்ளூ’ என்ற கைப்பிரதி இதழை நடத்திய மார்க் பெர்ரி. க்ளாஷின் முதல் ஆல்பம்கூட அப்போது வரவில்லை! அமெரிக்காவில் பெர்க்லியின் 924 கில்மன் ஸ்ட்ரீட் அரங்கில் பெரிய நிறுவனங்களோடு சேர்ந்த குழுக்களுக்கு மேடை கிடையாது என்று விதியே வைத்திருந்தார்கள். அங்கே வளர்ந்த க்ரீன் டே குழு 1993இல் ரீப்ரைஸ் என்ற பெரிய நிறுவனத்தோடு சேர்ந்ததும் அந்தக் கதவு சாத்திக்கொண்டது.

அதாவது பங்க்கில் நிஜமாகப் புழங்குவது பாராட்டல்ல, காசுக்குப் போய்விட்டவர்மேல் வீசுகிற வசைதான். அந்த வசை நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது: ‘விலைபோய்விட்டான்’. அரசியல் மேடையில் கேட்டுக் கேட்டுப் பழகியது. அதனால் என் பரிந்துரை ‘விலைபோகாமை’.

விலைபோகாத மாடு, விலைபோகாத சரக்கு என்றும் சொல்வோமே என்று சிரிப்பீர்கள். சிரியுங்கள், சொந்தக் காசில் இசைத்தட்டு போட்டுக் கட்டிலுக்கடியில் அடுக்கி வைத்திருந்தவர்களுக்கு அந்தப் பொருளும் பொருந்தும். எனக்கு உறுத்துவது வேறு. உடையையும் முடியையும் மட்டும் எடுத்துக்கொண்டு வருபவரை ‘போஸர்’ என்கிறார்களே, அவரிடம் காசுப் பேச்சே இல்லை. அவருக்கு ‘வேஷக்காரர்’ போதும், விலைபோகாமையை அதுவரை இழுக்க வேண்டாம்.

அப்புறம் பங்க்கின் எதிர்ப்பைச் சொல்லத் தயவுசெய்து ‘புரட்சி’ வேண்டாம், ‘கலகம்’ என்றே வையுங்கள். ஆட்சியைப் பிடிக்கும் எண்ணம் இவர்களில் பலருக்குக் கிடையாது. க்ராஸ் என்ற இங்கிலாந்து பங்க் குழு அரசே கூடாது என்றது, தன் இசைத்தட்டு உறையிலேயே ‘இதற்கு மேல் கொடுக்காதே’ என்று விலையை அச்சடித்து விற்றது. கலகம் என்றால் இப்படித்தான் இருக்கும்.

‘டிஐஒய்’தான் (டூ இட் யுவர்செல்ஃப், பிறரை நம்பாமல் எல்லாவற்றையும் தாங்களே செய்துகொள்வது) இன்னும் உதைக்கிறது. ‘தானே செய்’ என்றால் அரசுத் துண்டறிக்கை மாதிரி இருக்கிறது. ‘சொந்தக்கை’ என்று ஒன்று தோன்றியது, யாராவது அடித்து நொறுக்குங்கள்.