புதுப்பிப்பு: புது நீதிபதி முன்னால் நேற்று வாதாடினேன்

கோடை விடுமுறைக்குப் பிறகு எங்கள் முன்சீப் கோர்ட்டுக்குப் புது நீதிபதி மாறுதலாகி வந்திருக்கிறார், அவர் முன்னால் தற்காலிக உறுத்துக்கட்டளை (வழக்கு முடியும்வரை எதிர்த்தரப்பு ஒரு செயலைச் செய்யாமல் தடுக்கும் உத்தரவு) கேட்கும் மனுவில் வாதாட எப்படித் தயாராவது என்று போன வாரம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

கைகொடுத்தது மூன்று நாள் பின் பெஞ்சில் உட்கார்ந்து கவனித்ததுதான். ஒரு சீனியர் வக்கீல் தன் கட்சிக்காரரின் குடும்பக் கதையைத் தாத்தா காலத்திலிருந்து தொடங்கினார். நீதிபதி பேனாவை மூடி மேஜையில் வைத்துவிட்டு, "எந்த ஆவணம்? எத்தனையாவது பக்கம்?" என்றார். அன்று இரவே என் வாதக்குறிப்பைக் கிழித்துவிட்டு முதலிலிருந்து எழுதினேன்.

கோர்ட் உத்தரவுகள் கிடைக்கும் இ-கோர்ட்ஸ் தளத்தில் நீதிபதியின் பழைய உத்தரவுகளையும் படித்தேன். முகாந்திரம் (முதல் பார்வையில் வழக்கு நிற்குமா), வசதிச் சமநிலை (தடை தந்தால், தராவிட்டால் யாருக்கு அதிகச் சிரமம்), ஈடுசெய்ய முடியாத இழப்பு என்று வரிசையாகத்தான் போகிறார். எங்களுடையது வெறும் உறுத்துக்கட்டளை வழக்கு, அதாவது நிலத்தின் உரிமையை அறிவிக்கக் கேட்காமல் தடை மட்டும் கேட்பது. வழக்குத் தாக்கல் செய்த அன்று அனுபோகம், அதாவது நிலம் யார் கைவசம் என்பதே முக்கியம். அதனால் கிரயப் பத்திரத்தைப் பின்னால் தள்ளி, அடங்கல் (கிராமச் சாகுபடிக் கணக்கு), கிஸ்தி (நிலவரி) ரசீதுகளை முன்னால் வைத்து, பக்க எண் போட்டு மஞ்சள் சீட்டு ஒட்டினேன். மேற்கோள் காட்டும் தீர்ப்புகளின் நகல் இரண்டு வேண்டும் என்று பெஞ்ச் கிளார்க் முன்கூட்டியே சொன்னது பெரிய உதவி.

நேற்று நீதிபதி பேனாவை மூடவில்லை. கிஸ்தி ரசீதின் தேதியை இரண்டு முறை கேட்டுக் குறித்துக்கொண்டார். உத்தரவு வியாழக்கிழமை.