கோபன்ஹேகனிலிருந்து பெர்கன் வரை ரயிலில்: எங்கே என்ன குடிப்பது, என்ன சாப்பிடுவது?

கொங்குப் பயணி

வணக்கம். செப்டம்பர் கடைசியில் நானும் மனைவியும் கோபன்ஹேகனில் இறங்குகிறோம். அங்கிருந்து ரயிலிலேயே ஸ்வீடன் வழியாக ஆஸ்லோ, பிறகு பெர்கன். ஊர் திரும்பும் விமானம் பெர்கனிலிருந்துதான். நடுவில் ஸ்டாக்ஹோமையும் சேர்த்துக்கொள்ளலாமா என்று ஒரு யோசனை இருக்கிறது.

எனக்கு உள்ளூர் பீரின் மேல் ஆர்வம். கோவையில் கிடைக்கும் நான்கைந்து வகைகளைக் குடித்துச் சலித்துவிட்டது. இணையத்தில் தேடினால் ஒவ்வொரு நகரத்துக்கும் இருபது மதுவகங்களின் பட்டியல் வருகிறது. எதை எடுப்பது, எதை விடுவது என்று தெரியவில்லை. மனைவி சைவம், முட்டை சாப்பிடுவார், மது தொடமாட்டார். நான் மதுவகம் மதுவகமாக ஏறி இறங்குவதை ஓரளவுக்குத்தான் பொறுத்துக்கொள்வார் என்று முன்கூட்டியே அறிவித்தும்விட்டார்.

அங்கே விலை மிரட்டுகிறது என்கிறார்கள். கடையில் பீர் வாங்கி ரயிலில் உட்கார்ந்து மலையைப் பார்த்தபடி குடிக்க முடியுமா? உண்மையில் என் கனவே அதுதான்.

தண்டவாளம்

பீரைப் பற்றி எனக்குத் தெரியாது, ரயிலைப் பற்றிச் சொல்கிறேன். இந்தியாவில் வசிப்பவர்கள் வாங்க வேண்டியது யூரெயில் பாஸ். இன்டர்ரெயில் ஐரோப்பாவில் வசிப்பவர்களுக்கு. ஆனால் இந்தப் பாதைக்குப் பாஸ் லாபமா என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். முன்கூட்டியே வாங்கினால் தனித்தனி டிக்கெட்டே பல சமயம் மலிவாக முடிந்துவிடும்.

கோபன்ஹேகனிலிருந்து மால்மோ வழியாக கோத்தன்பர்க் போகும் ஓரெசுண்ட் ரயில்களுக்கு இருக்கை முன்பதிவு தேவையில்லை. டென்மார்க்கிலிருந்து ஸ்வீடனுக்குக் கடக்கும் இடத்தில் கடலுக்கு அடியில் சுரங்கம், நடுவில் ஒரு செயற்கைத் தீவு, பிறகு சுமார் 8 கி.மீ. பாலம். 2000-ல் திறந்தது. ஸ்வீடனுக்குள் நுழையும்போது சோதனை இருக்கக்கூடும், பாஸ்போர்ட்டைப் பெட்டியின் அடியில் போட்டு வைக்காதீர்கள். கோத்தன்பர்க்கில் மாறி ஆஸ்லோ. ஆஸ்லோ–பெர்கன் ரயிலுக்குக் கட்டாயம் முன்பதிவு செய்துவிடுங்கள். ஏறத்தாழ 7 மணி நேரம். மேற்கே போகும்போது இடப்பக்க ஜன்னல் கிடைத்தால் ஃபின்செ அருகே ஹார்டாங்கர் பனியாறு தெரியும். வழியில் மிர்தால் நிலையத்தில் பிரிந்து இறங்கும் ஃப்ளோம் ரயிலில் பாஸ் செல்லாது, தள்ளுபடி மட்டும் உண்டு.

மழைநகரான்

தம்பி, நான் பேர்கனில் இருக்கிறேன். ஊர் யாழ்ப்பாணம். நோர்வேக்கு வந்த புதிதில் வடக்கே ஃபின்மார்க்கில் மீன் தொழிற்சாலையில் வேலை. எங்கள் ஆட்கள் நிறையப் பேர் அந்த வழியாகத்தான் இந்த நாட்டுக்குள் வந்தார்கள். ஆகையால் மீனைப் பற்றி நான் கொஞ்சம் திமிராகப் பேசினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஸ்டொக்ஹோமை வெட்டிவிடுங்கள். அழகான நகரம்தான், ஆனால் நீங்கள் மேற்கே போகிறவர், அது கிழக்கே கிடக்கிறது. அந்த நாட்களை மேற்கு நோர்வேக்குக் கொடுங்கள். இருபது மதுவகப் பட்டியலையும் தூக்கி எறியுங்கள். ஐரோப்பாவில் எந்த நகரத்துக்குப் போனாலும் அந்தப் பட்டியலில் உள்ள பியர் ஒரே மாதிரிதான் இருக்கும், அமெரிக்க ஹொப்ஸ் பூவின் வாசனையோடு. உங்கள் பாதையில் அதைவிடச் சுவாரசியமான ஒன்று இருக்கிறது. பியரைப் புளிக்கவைக்கும் இரண்டு ஈஸ்ட்களின் கதை அது. ஒன்று நீங்கள் இறங்கும் நகரத்தில், மற்றது நீங்கள் கடந்துபோகப் போகும் ஒரு மலையூரில்.

கொப்பன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் என்றே ஒரு ரயில் நிலையம் இருக்கிறது. இறங்கி நடந்தால் அதே பெயருள்ள பழைய பியர் ஆலையின் யானை வாசல். 1901-ல் கட்டியது, நான்கு கருங்கல் யானைகள் கோபுரத்தைச் சுமந்து நிற்கும். யானையின் மேல் ஸ்வஸ்திகாவைப் பார்த்துத் திடுக்கிட வேண்டாம், ஹிட்லருக்கு வெகு முந்திய செதுக்கல். இந்த ஆலையின் ஆய்வுக்கூடத்தில்தான் 1883-ல் எமில் கிறிஸ்டியன் ஹான்சன் ஒற்றை ஈஸ்ட் உயிரணுவிலிருந்து கலப்பில்லாத ஈஸ்டை வளர்த்தெடுத்தார். அதுவரை ஆலைகளில் காட்டு ஈஸ்ட் கலந்து பியர் கெட்டுப்போவது வழக்கம். ஆலை முதலாளி ஜேக்கப்சன் இந்த முறையைப் பூட்டி வைத்துக் காசு பார்க்கவில்லை, மற்ற ஆலைகளுக்கும் கொடுத்துவிட்டார். கோவையில் உங்களுக்குச் சலித்துப்போன லாகர் வகைப் பியர் எங்கே போனாலும் ஒரே சுவையில் இருப்பதற்கு மூலகாரணம் இந்த வளவுக்குள் நடந்த வேலை. ஆகவே அங்கே லாகரில் ஒரு வகையான பில்ஸ்னர் ஒன்று குடியுங்கள், மரியாதைக்காகவாவது.

ஆனால் அதை மதிய உணவோடு குடியுங்கள். டென்மார்க்கில் காசு செலவழிக்க வேண்டிய வேளை மதியம். கம்பு மாவு ரொட்டி இல்லை, ரை என்ற தானியத்தின் ரொட்டி, கறுத்து, கனத்து, புளித்து இருக்கும். அதன்மேல் வெண்ணெய், ஊறவைத்த ஹெரிங் மீன், வெங்காயம். ஸ்மோர்பிரோ என்பார்கள். கையால் எடுத்துக் கடிக்க வேண்டாம், கத்தியும் முள்கரண்டியும் கொண்டு சாப்பிடுவது அங்குள்ள முறை. முதலில் ஹெரிங், இறைச்சி பிறகு. பக்கத்தில் பியரும் ஒரு சிறு கிண்ணம் ஆக்வாவிட்டும். சதகுப்பை அல்லது சீரகம் போன்ற கேரவே விதை மணக்கும் வெள்ளைச் சாராயம் அது. நல்ல பழைய ஸ்மோர்பிரோக் கடைகள் பல மதியத்தோடு மூடிவிடும், இரவுக்குத் தள்ளிப்போடாதீர்கள். இன்னொன்று, சின்னஞ்சிறு பழைய மதுவகங்களில் உள்ளேயே புகைபிடிக்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. தங்கச்சியை அங்கே அழைத்துக்கொண்டு போக வேண்டாம்.

சுவீடனில் நீங்கள் தங்கப்போவதில்லை. கோத்தன்பர்க்கில் மாறும்போது சில மணி நேரம் இடைவெளி வைத்துக்கொண்டு ஒரு இறால் சான்ட்விச் சாப்பிடுங்கள், ரொட்டி கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு இறால் குவித்திருப்பார்கள். தேவாலயம் மாதிரியே கட்டிய மீன் சந்தை ஒன்றும் உண்டு, 1874-ஆம் ஆண்டுக் கட்டடம். அவ்வளவு போதும்.

இனி உங்கள் கனவு. மன்னிக்கவும் தம்பி, அது நடக்காது. சுவீடனிலும் நோர்வேயிலும் வெளியில் வாங்கிய மதுவை ரயிலில் குடிக்கக் கூடாது. உணவுப் பெட்டியில் விற்பதை வாங்கித்தான் குடிக்க வேண்டும். அதுவும் மோசமில்லை. ஃபின்செ நிலையம் 1,222 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, கார் போகும் சாலையே இல்லாத இடம். அங்கே ஒரு டின் பியரின் விலையைப் பற்றி யோசிக்கத் தோன்றாது. டென்மார்க்கில் பூங்காவில் உட்கார்ந்து குடிப்பவர்களைப் பார்த்துப் பழகிவிட்டு நோர்வேயில் அதே காரியத்தைச் செய்யாதீர்கள். இங்கே பொது இடத்தில் குடிப்பது சட்டவிரோதம்.

இந்த நாடுகளில் மதுவகத்தைவிடக் கடிகாரத்தைத்தான் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும். நோர்வேக் கடைகளில் மதுசாரம் 4.7 சதவீதம் வரையுள்ள பியர்தான் கிடைக்கும். வார நாட்களில் இரவு 8 மணிக்கு மேல் விற்கமாட்டார்கள், சனிக்கிழமை 6 மணியோடு சரி, ஞாயிறு அறவே இல்லை. அதைவிடப் போதை கூடியது வேண்டுமானால் வின்மொனோபோல் என்ற அரசாங்கக் கடை. டாஸ்மாக்கை மனதில் வைத்துக்கொண்டு போனால் ஏமாந்துபோவீர்கள். நூலக அமைதி, எந்த மீனுக்கு எந்தப் பியர் என்று பொறுமையாக விளக்கும் ஊழியர்கள். சிறிய உள்ளூர் ஆலைகளின் பியரை அங்கே வாங்கி அறையில் குடிப்பதுதான் சிக்கனம். மதுவகத்தில் அரை லீட்டர் 100 குரோனருக்குக் கீழே கிடைத்தால் அன்று உங்களுக்கு நல்ல நாள்.

இப்போது இரண்டாவது ஈஸ்ட். பேர்கனுக்கு முன்னால் வொஸ் என்ற ஊர் வரும். இறங்கி ஓர் இரவாவது தங்குங்கள். இந்தப் பக்கத்துப் பண்ணை வீடுகளில் க்வைக் என்ற ஈஸ்டைத் தலைமுறை தலைமுறையாக வைத்திருந்தார்கள். மரவளையத்தில் தோய்த்துக் காயவைத்துத் தொங்கவிடுவார்கள். தங்களுடையது கெட்டுவிட்டால் பக்கத்து வீட்டில் போய் வாங்கி வருவார்கள், நம் வீடுகளில் உறைமோர் வாங்குவதைப் போல. ஹான்சனின் கைக்கு எட்டாமல் தப்பிப் பிழைத்த ஈஸ்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். லாகர் ஈஸ்டுக்குக் குளிர் வேண்டும், பல வாரம் பொறுக்க வேண்டும். க்வைக் 35, 40 பாகை வெப்பத்திலும் வேலை செய்யும், அதுவும் சில நாட்களில் முடித்துவிடும். வொஸ் பகுதி க்வைக்கில் தோடம்பழத் (ஆரஞ்சு) தோலின் வாசனை வரும். ஜூனிப்பர் என்ற ஊசியிலைச் செடியின் கிளைகளை ஊறவைத்த தண்ணீரில் காய்ச்சுவது பழைய முறை. பண்ணையில் காய்ச்சியதை விற்கச் சட்டம் இல்லை, உங்களுக்கு யாராவது வீட்டுக்கு அழைத்தால்தான் உண்டு. ஆனால் க்வைக் போட்டுச் செய்யும் ஆலைகள் இப்போது பல இருக்கின்றன. வொஸ்ஸிலும் பேர்கனிலும் கேட்டு வாங்குங்கள்.

வொஸ்ஸில் இன்னொரு விசேஷம் ஸ்மாலஹோவெ. ஆட்டுத் தலையை உப்பிட்டுப் புகையூட்டி அவித்து, முழுசாக, அல்ல, பாதியாகப் பிளந்து தட்டில் வைப்பார்கள். கண்ணும் காதும் கொழுப்புள்ள பகுதி என்பதால் சூடாக இருக்கும்போதே முதலில் சாப்பிட வேண்டும் என்பார்கள். பக்கத்தில் அமர்ந்திருக்கும் ஜெர்மன் சுற்றுலாப் பயணிகள் வெளிறிப்போவார்கள், தலைக்கறி தெரிந்த நமக்கு என்ன. ஆனால் மிளகு இல்லை, அதுதான் குறை. வழக்கமாகக் கிறிஸ்துமஸுக்கு முந்திய உணவு அது, செப்டம்பர் கடைசியில் கிடைக்குமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

நீங்கள் வரும் நேரத்துக்குரியது ஃபோரிகோல். செம்மறி இறைச்சி, முட்டைக்கோவா, முழு மிளகு, உப்பு, தண்ணீர். வேறொன்றும் இல்லை. செப்டம்பர் கடைசி வியாழக்கிழமை நாடே அதைச் சமைக்கும். பார்க்க ஒன்றும் இல்லாத குழம்பு, மறுநாள் சூடாக்கினால் இன்னும் ருசி.

பேர்கனில் துறைமுக மீன் சந்தையில் படம் எடுங்கள், சாப்பிட வேண்டாம். அது கப்பலில் வந்திறங்குபவர்களுக்கான விலை. மீன் சூப்பும் சுடச்சுட மீன் கேக்கும் சாப்பிட சோஸ்த்ரெனெ ஹாகெலின் கடைக்குப் போங்கள், 1929-லிருந்து இருக்கிறது. யாராவது செப்டம்பரில் உங்களுக்கு ‘ஸ்க்ரை’ என்று கொட் மீனை விற்கப் பார்த்தால் நம்பாதீர்கள். முட்டையிட வரும் அந்த மீன் தை, மாசி, பங்குனி மாதங்களுக்குரியது.

ஏலக்காய்

எல்லோரும் மீனையும் ஆட்டுத் தலையையுமே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். அக்காவுக்கு என்ன வழி? நான் மால்மோவில் சில ஆண்டுகள் இருந்தவள், சைவம்.

கோபன்ஹேகனில் உருளைக்கிழங்கு ஸ்மோர்பிரோ கேளுங்கள், மேலே வறுத்த வெங்காயம் போட்டிருப்பார்கள். பன்றி இறைச்சித் துண்டு வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மால்மோவில் இறங்கி மொலவோங்கன் பக்கம் போனால் ஃபலாஃபெல், கொண்டைக்கடலை வடை மாதிரி. மேற்கு ஆசியாவிலிருந்து குடியேறியவர்கள் கொண்டுவந்தது, இன்று அந்த நகரத்தின் அடையாளமே அதுதான். ஸ்வீடனில் மலிவாகவும் வயிறு நிறையவும் சாப்பிட வேண்டுமானால் வார நாட்களின் மதிய உணவு. சாலட், ரொட்டி, காபி எல்லாம் அதே விலைக்குள் அடங்கும், சைவ வகை ஒன்று பெரும்பாலும் இருக்கும். அதே உணவகம் இரவில் அதைவிட நிறைய வாங்கும்.

இரண்டு எச்சரிக்கைகள். முட்டை சான்ட்விச் பாதுகாப்பானது என்று நினைத்துக் கடித்தால் மேலே மீன்முட்டைப் பசை பிழிந்திருப்பார்கள். பட்டாணி சூப்பில் பன்றி இறைச்சி இருக்கும்.

நார்வேயில் பழுப்புச் சீஸ் வைத்த வாஃபிள் எங்கும் கிடைக்கும். சீஸ் எடுத்தபின் மிஞ்சும் நீரைச் சர்க்கரை கருகிச் சிவக்கும்வரை காய்ச்சிச் செய்வது, இனிக்கும். கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் நொதி சேர்ந்த சீஸ்களை ஒதுக்குபவர் என்றால் கேட்டுக்கொள்ளட்டும். இந்தச் சீஸில் கொழுப்பும் சர்க்கரையும் எவ்வளவு என்றால், 2013-ல் நார்வேயில் ஒரு சுரங்கப்பாதைக்குள் 27 டன் பழுப்புச் சீஸ் ஏற்றிய லாரி பற்றிக்கொண்டு நாட்கணக்கில் எரிந்தது.

ஏலக்காய் பன்னைத் தவறவிட வேண்டாம். ஏலக்காயைப் பொடியாக்காமல் கொரகொரப்பாக இடித்துத் தாராளமாகப் போடுவார்கள். நம் ஊர் பேக்கரிகள் ஏலக்காயை எண்ணிப் போடுவதைப் பார்த்து வளர்ந்த எனக்கு முதல் கடியில் கோபமே வந்தது.

கொங்குப் பயணி

அனைவருக்கும் நன்றி. ஸ்டாக்ஹோம் போய்விட்டது, வொஸ் வந்துவிட்டது. மனைவி ஏலக்காய் அவர்களின் பதிவை மட்டும் படித்துவிட்டு, மற்றதை என் பொறுப்பில் விட்டுவிட்டார். மழைநகரான் அண்ணாவுக்கு இரண்டு கேள்விகள். ஃப்ளோமுக்கு இறங்குவது அவசியமா? பெர்கனை நாங்கள் அடைவது ஞாயிற்றுக்கிழமை. அன்று பட்டினி கிடக்க வேண்டியதுதானா, பீர் விஷயத்தில்?

மழைநகரான்

ஃப்ளோம் பாதை 20 கி.மீ.தான், மிர்தாலின் 866 மீட்டரிலிருந்து மலைகளுக்கு நடுவே கடல் நீளமாக உள்நுழையும் ஃபியோர்ட் கரைக்கு நேரே இறங்கும். கூட்டம் அதிகம், டிக்கெட்டும் விலை. காட்சிக்காக என்றால் போகலாம், தங்கச்சிக்குப் பிடிக்கும். கீழே எகிர் என்ற பியர் ஆலை நடத்தும் மதுவகம் இருக்கிறது. பலகையில் ஐந்து சிறு கோப்பைகள், ஒவ்வொன்றுக்கும் ஏற்ற சிறு உணவு. வொஸ்ஸா ஃப்ளோமா என்று ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும் என்றால் நான் வொஸ்ஸுக்குத்தான் கைதூக்குவேன்.

ஞாயிற்றுக்கிழமைத் தடை கடைகளுக்கும் வின்மொனோபோலுக்கும்தான். மதுவகங்களும் உணவகங்களும் வழமைபோல ஊற்றும். அறையில் குடிக்க வேண்டுமானால் முதல்நாள் வொஸ்ஸில் வாங்கிவிடுங்கள். வின்மொனோபோல் சனிக்கிழமை மதியத்துக்குப் பிறகு சீக்கிரம் பூட்டிவிடும், ரயிலை விட்டு இறங்கியதும் முதலில் அங்கே போங்கள், ஹோட்டலுக்குப் பிறகு. காலி டின்களை எறியாதீர்கள், சூப்பர் மார்க்கெட் இயந்திரத்தில் போட்டால் அவற்றுக்குக் கட்டிய முன்பணம் திரும்பக் கிடைக்கும். ஊருக்கு ஆக்வாவிட் கொண்டுபோவதாக இருந்தால் நகரத்தில் வாங்க வேண்டாம், விமான நிலையத்துத் தீர்வையற்ற கடையில் விலை குறைவு.