தளத்தைப் புதுப்பித்த பிறகு தேடலில் பின்னுக்குப் போய்விட்டது, எங்கிருந்து சரிசெய்ய ஆரம்பிப்பது?

மிதிவண்டி_நேசன்

வணக்கம் நண்பர்களே. சைக்கிள் பழுதுபார்ப்பு பற்றி எட்டு வருடமாக ஒரு தளம் நடத்தி வருகிறேன். செயின் மாற்றுவது, சக்கரத்தில் கோட்டம் எடுப்பது, பிரேக் கட்டை தேய்ந்துவிட்டதா என்று பார்ப்பது என மொத்தம் 180 கட்டுரைகள் இருக்கின்றன. எல்லாமே நானே ஸ்பேனர் பிடித்துச் செய்து பார்த்து எழுதியவை. ஐந்து மாதம் முன்பு வரை கூகுளில் இருந்து நன்றாகவே ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். இப்போது அதில் பாதிகூட இல்லை.

இடையில் தளத்தின் வடிவமைப்பை மாற்றினேன். பழைய தீம் பார்க்கவே சகிக்கவில்லை என்று ஒருவரிடம் வேலையைக் கொடுத்தேன், முகவரிகளில் இருந்த வருடம், மாதம் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு அவர் சுருக்கமாக்கித் தந்தார். தேடலில் மேலே வர உதவும் எஸ்இஓ பிளகின் ஒன்று போட்டிருக்கிறேன், எல்லாக் கட்டுரைகளுக்கும் பச்சை விளக்குதான் காட்டுகிறது. மூலநிரலில் மறைவாக எழுதும் குறிச்சொற்களை, அதாவது மெட்டா கீவேர்டை, ஒவ்வொரு பக்கத்துக்கும் இருபது இருபதாகக் கொடுத்தேன், பத்திக்கு ஒரு தடவையாவது முக்கியச் சொல் வருகிற மாதிரி பழைய கட்டுரைகளைத் திருத்தினேன். ஒன்றும் நகரவில்லை. இப்போது ஒருவர் மற்ற தளங்களில் இருந்து என் தளத்துக்கு 500 இணைப்புகள் (பேக்லிங்க்) வாங்கித் தருகிறேன், ஒரே மாதத்தில் மேலே வந்துவிடும் என்கிறார். வாங்கலாமா? எட்டு வருட உழைப்பு கண் முன்னால் கரைவது மாதிரி இருக்கிறது, அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

வரிக்குதிரை

முதலில் அந்த 500 லிங்க் ஆளுக்குப் பதில் எழுதாதீர்கள். மற்றதைப் பிறகு பேசலாம்.

தளம் நடத்துபவர்களுக்கு கூகுள் தரும் சர்ச் கன்சோல் வைத்திருக்கிறீர்களா? இருந்தால் அதில் 16 மாதத் தரவு கிடைக்கும். கிளிக், இம்ப்ரஷன் (தேடல் முடிவில் உங்கள் பக்கம் எத்தனை தடவை காட்டப்பட்டது) இரண்டையும் ஒரே வரைபடத்தில் போட்டு, சரிவு எந்த வாரத்தில் தொடங்கியது, புது வடிவமைப்பு எந்த வாரத்தில் ஏறியது என்று பாருங்கள். இம்ப்ரஷன் அப்படியே இருந்து கிளிக் மட்டும் குறைந்திருந்தால் கதை வேறு, தலைப்பு சரியில்லை அல்லது கூகுள் பதிலை அங்கேயே காட்டிவிடுகிறது என்று அர்த்தம். இம்ப்ரஷனே விழுந்திருந்தால் உங்கள் பக்கங்கள் கூகுளின் பட்டியலிலேயே (இண்டெக்ஸ்) இல்லாமல் போயிருக்கலாம். அப்புறம் 'பக்கங்கள்' அறிக்கையில் எந்தக் காரணத்தின் கீழ் எத்தனை பக்கம் இருக்கிறது என்பதையும் இங்கே போடுங்கள். அதைப் பார்க்காமல் நாங்கள் சொல்வது எல்லாம் ஊகம்தான்.

மிதிவண்டி_நேசன்

பார்த்தேன். புது வடிவமைப்பு ஏறி சரியாகப் பத்தாவது நாளில் இருந்து சரிவு தொடங்குகிறது. இம்ப்ரஷனும் கூடவே விழுந்திருக்கிறது. பக்கங்கள் அறிக்கையில் 'சாஃப்ட் 404' என்று 163 பக்கங்கள், 'கிரால் செய்யப்பட்டது, தற்போது இண்டெக்ஸ் செய்யப்படவில்லை' என்று 58 பக்கங்கள். ஆனால் பழைய முகவரியைத் தட்டிப் பார்த்தால் 'பக்கம் இல்லை' என்கிற 404 வரவில்லையே, தளத்தின் முகப்புதானே வருகிறது?

பழைய_நிரலர்

நண்பரே, நோய் அங்கேதான் இருக்கிறது. பழைய முகவரிகள் எல்லாவற்றையும் முகப்புப் பக்கத்துக்குத் திருப்பிவிட்டிருக்கிறார்கள். வேலை செய்தவருக்கு அது சுலபம், ஒரே ஒரு வரி எழுதினால் போதும். ஆனால் செயின் பற்றிய கட்டுரையைத் தேடி வந்தவனை வாசலில் கொண்டுவந்து நிறுத்தினால் அவன் கேட்டது கிடைக்கவில்லை, கூகுளும் அப்படித்தான் பார்க்கிறது. "இந்தப் பக்கம் இப்போது இல்லை, வெறும் மரியாதைக்கு வேறு பக்கத்தைக் காட்டுகிறார்கள்" என்று எடுத்துக்கொள்கிறது. அதற்குத்தான் சாஃப்ட் 404 என்று பெயர். எட்டு வருடத்தில் அந்தப் பழைய முகவரிகளுக்கு மற்றவர்கள் கொடுத்த இணைப்புகளின் மதிப்பு எதுவும் புதுக் கட்டுரைகளுக்கு வந்து சேரவில்லை. புதுக் கட்டுரைகள் நேற்றுப் பிறந்தவை மாதிரி நிற்கின்றன.

செய்ய வேண்டியது அலுப்பான வேலை, ஆனால் கட்டாயம் செய்யுங்கள். ஒரு விரிதாளில் இடது பக்கம் பழைய முகவரி, வலது பக்கம் அதே கட்டுரையின் புது முகவரி. ஒன்றுக்கு ஒன்று, 301 ரீடைரக்ட், அதாவது பழைய முகவரிக்கு வருபவரை நிரந்தரமாகப் புது முகவரிக்கு அனுப்பும் கட்டளை. உங்கள் மாற்றத்தில் வருடமும் மாதமும் மட்டும்தான் போயிருக்கிறது என்றால் பெரும்பாலானவற்றை ஒரே விதியால் திருப்பிவிடலாம், பெயரும் சேர்ந்து மாறியவற்றை மட்டும் கையால் எழுதுங்கள். உண்மையிலேயே மாற்றுக் கட்டுரை இல்லாத பக்கத்துக்கு நேர்மையாக 404 கொடுத்துவிடுங்கள், அதில் தவறே இல்லை. பழைய முகவரியில் இருந்து இன்னொன்று, அதிலிருந்து மற்றொன்று என்று சங்கிலியாகப் போகாமல் நேராகக் கடைசி முகவரிக்கே போகட்டும். கட்டுரைகளுக்குள் நீங்களே ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் கொடுத்த இணைப்புகளையும் புது முகவரிக்கு மாற்றுங்கள். இந்த ரீடைரக்டுகளைக் குறைந்தது ஒரு வருடமாவது வைத்திருக்கும்படி கூகுளே சொல்கிறது, முடிந்தால் எடுக்கவே எடுக்காதீர்கள்.

இன்னொன்று. ஏதாவது ஒரு கட்டுரையைத் திறந்து பக்கத்தின் மூலநிரலில் கேனானிகல் என்ற வரியைத் தேடுங்கள். "இந்த உள்ளடக்கத்தின் அசல் முகவரி இதுதான்" என்று தேடுபொறிக்குச் சொல்லும் வரி அது, 2009ல் கூகுள், யாஹூ, மைக்ரோசாஃப்ட் மூன்றும் சேர்ந்து கொண்டுவந்தது. தீம் மாற்றும்போது அது பழைய முகவரியையோ சோதனைத் தளத்தையோ காட்டிக்கொண்டு அப்படியே தங்கிவிடுவதைப் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். கூடவே "இந்தப் பக்கத்தைப் பட்டியலில் சேர்க்காதே" என்று சொல்லும் நோஇண்டெக்ஸ் எங்காவது ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்றும் பாருங்கள். ரோபாட்ஸ் கோப்பில் ஒரு பக்கத்தைத் தடுப்பதும் நோஇண்டெக்ஸ் போடுவதும் ஒன்று என்று பலர் நினைக்கிறார்கள், இல்லை. ரோபாட்ஸ் கோப்பு "உள்ளே வந்து படிக்காதே" என்று மட்டும்தான் சொல்கிறது. படிக்க விடாவிட்டால் உள்ளே இருக்கும் நோஇண்டெக்ஸ் கூகுளின் கண்ணிலேயே படாது.

நிலா_எழுதுகிறேன்

தொழில்நுட்பத்தை அண்ணன் சொல்லிவிட்டார், நான் அந்த 58 பக்கங்களைப் பற்றிப் பேசுகிறேன், எனக்கு அதுதான் அதிகக் கவலை தருகிறது. கூகுள் வந்து படித்துவிட்டு, வேண்டாம் என்று வைத்துவிட்டுப் போன பக்கங்கள் அவை. உங்கள் தளத்தில் செயின் நழுவுவது பற்றி எத்தனை கட்டுரைகள் இருக்கின்றன என்று ஒரு தடவை எண்ணிப் பாருங்கள். எட்டு வருடம் எழுதினால் ஒரே விஷயத்தை ஐந்தாறு தடவை எழுதியிருப்போம், என் தளத்திலும் அப்படித்தான் இருந்தது. ஆறு அரைகுறைப் பக்கங்கள் ஒன்றோடு ஒன்று மோதிக்கொண்டு எதுவுமே மேலே வராது. எல்லாவற்றிலும் உள்ள நல்ல பகுதிகளை எடுத்து ஒரே கட்டுரையாக்கி, மற்ற ஐந்தையும் 301 கொடுத்து அதற்கே திருப்புங்கள்.

மெட்டா கீவேர்டை விட்டுவிடுங்கள். தரவரிசைக்கு அதைப் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் 2009லேயே அறிவித்துவிட்டது. பத்திக்கு ஒரு தடவை சொல்லைத் திணிப்பது அதைவிட மோசம். படிக்கிற ஆளுக்கு எரிச்சல், ஸ்பேம் என்று கணக்கில் சேரும் அபாயமும் உண்டு, திருத்தியவற்றைப் பழையபடி ஆக்குங்கள். பச்சை விளக்கு என்பது அந்தப் பிளகின் எழுதியவரின் சரிபார்ப்புப் பட்டியல், அதற்கும் கூகுளுக்கும் சம்பந்தம் இல்லை. இத்தனை சொற்கள் இருக்க வேண்டும் என்ற கணக்கும் கிடையாது.

எது நிற்கும் என்றால், செய்து பார்த்தவருக்கு மட்டும் தெரிகிற விஷயம். "செயின் தேய்ந்தால் மாற்றவும்" என்று ஆயிரம் பக்கங்கள் சொல்கின்றன. புது செயினில் 24 கண்ணிகள் சரியாக 12 அங்குலம் இருக்கும், ஸ்கேலை வைத்து அளந்து அரை நூல் (ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு) கூடியிருந்தால் செயினை மாற்றினால் போதும், ஒரு நூல் கூடிவிட்டால் பல்சக்கரமும் தேய்ந்திருக்கும், புது செயின் போட்டாலும் நழுவும் என்று படத்தோடு சொல்கிற பக்கம் எத்தனை இருக்கும்? அதைப் படித்தவர் திரும்பிப் போய் இன்னொரு முடிவைத் தட்ட வேண்டிய தேவையே இருக்காது. தலைப்பும் அவர் தேடும்போது மனதில் இருக்கிற கேள்வியாகவே இருக்கட்டும். "செயின் பராமரிப்பு பகுதி 3" என்று யாரும் தேடுவதில்லை, "பெடல் மிதித்தால் செயின் நழுவுகிறது" என்றுதான் தேடுவார்கள். சர்ச் கன்சோலில் 'வினவல்கள்' பகுதியைத் திறந்தால் ஆட்கள் எந்தச் சொற்களில் வருகிறார்கள் என்பது அப்படியே இருக்கும், ஒரு மாலை முழுக்க அதைப் படித்தாலும் வீண் இல்லை.

தேதியை மட்டும் புதிதாக்கி வெளியிடுவது, தயவுசெய்து வேண்டாம்.

வேகமானி

யாரும் வேகத்தைப் பற்றிப் பேசவில்லையே? மூன்று அளவுகள் முக்கியம். பக்கத்தின் பெரிய பகுதி 2.5 நொடிக்குள் தெரிய வேண்டும், அது எல்சிபி. தட்டினால் 200 மில்லிநொடிக்குள் பக்கம் அசைந்து கொடுக்க வேண்டும், அது ஐஎன்பி, 2024 மார்ச்சில் எஃப்ஐடி என்ற பழைய அளவை எடுத்துவிட்டு இதைக் கொண்டுவந்தார்கள். படிக்கும்போது எழுத்து இடம் மாறித் துள்ளுவது சிஎல்எஸ், அது 0.1ஐத் தாண்டக் கூடாது. புது தீம் என்றாலே மேலே பெரிய நகரும் படம் இருக்கும், அதுதான் பெரும்பாலும் பிரச்சினை. முதல் திரையில் வரும் படத்துக்கு லேஸி லோடிங் (திரைக்கு வரும் நேரத்தில் மட்டும் படத்தை ஏற்றுவது) போடாதீர்கள், கீழே வருபவற்றுக்கு மட்டும் போடுங்கள். எல்லாப் படங்களுக்கும் அகலம், உயரம் குறிப்பிட்டால் துள்ளல் பாதி குறையும். கணக்கு உண்மையான பயனர்களின் 28 நாள் தரவில் இருந்து வருவது, அதனால் இன்று திருத்திவிட்டு நாளைக் காலையில் எண் மாறவில்லையே என்று பதற வேண்டாம்.

பழைய_நிரலர்

வேகமானி சொல்வது சரி, ஆனால் இந்த வழக்கில் அது மூன்றாவது வேலை. நல்ல பதில் உள்ள மெதுவான பக்கம், பதிலே இல்லாத வேகமான பக்கத்தை முந்தும். பக்கம் இண்டெக்ஸிலேயே இல்லாதபோது வேகம் எதற்கு உதவும்? 163 முகவரிகளைத் திருத்தாமல் படத்தைச் சுருக்கிக்கொண்டிருந்தால் இன்னும் ஐந்து மாதம் போய்விடும்.

ஆனால் புது தீமில் ஒரு விஷயத்தை இன்றே பாருங்கள். கைப்பேசியில் திறந்தால் கட்டுரை முழுதாக வருகிறதா? கூகுள் இப்போது கைப்பேசி வடிவத்தைத்தான் படித்து இண்டெக்ஸ் செய்கிறது, கணினித் திரையில் இருந்து கைப்பேசியில் இல்லாதது அதைப் பொறுத்தவரை இல்லாததுதான்.

மிதிவண்டி_நேசன்

அண்ணா, கைப்பேசியில் பார்த்தேன், அளவு அட்டவணைகள் ஒன்றுகூட இல்லை! திரை சின்னதாக இருக்கிறது என்று தீம் அவற்றை எடுத்துவிடுகிறது. டயர் அளவு, ஸ்போக் கம்பி நீளம் எல்லாம் அதில்தான் இருந்தன, அவற்றுக்காகவே வந்தவர்கள் ஏராளம். கேனானிகல் சரியாக இருக்கிறது. செயின் பற்றி எண்ணியதில் ஏழு கட்டுரைகள், நிலா சொன்னது அப்படியே.

ஒரு சந்தேகம் மட்டும். இணைப்புதான் தரவரிசைக்கு அடிப்படை என்று எல்லாரும் சொல்கிறார்களே, காசு கொடுத்து வாங்கினால் மட்டும் ஏன் ஆகாது?

வரிக்குதிரை

அடிப்படையாக இருந்ததால்தான் ஆகாது. 1998ல் கூகுளைத் தொடங்கிய லாரி பேஜும் செர்கே பிரின்னும் பேஜ்ரேங்க் என்ற தரவரிசை முறையை எழுதியபோது அதன் எண்ணமே, ஒருவர் தன் வாசகரை இன்னொரு பக்கத்துக்கு அனுப்புவது மனமறிந்து சொல்லும் பரிந்துரை என்பதுதான். விலைக்கு வாங்கியது பரிந்துரை இல்லையே. 2012 ஏப்ரலில் கூகுளின் பெங்குயின் என்ற தேடல் மாற்றம் வந்தபோது இப்படி இணைப்பு சேர்த்த தளங்கள் ஒரே இரவில் காணாமல் போயின. இப்போது பெரும்பாலும் அந்த இணைப்புகளைக் கணக்கிலேயே எடுப்பதில்லை, கூகுள் ஊழியரே பார்த்துத் தண்டனை கொடுத்தால் அதை நீக்கச் சொல்லி விண்ணப்பம் எழுதிக் காத்திருக்க வேண்டும். உங்கள் பழைய முகவரிகளுக்கு வெளியே எத்தனை பேர் இணைப்பு கொடுத்திருக்கிறார்கள் என்று சர்ச் கன்சோலின் 'இணைப்புகள்' பகுதியில் பாருங்கள். காசு கொடுக்காமல் எட்டு வருடத்தில் சம்பாதித்தவை அவை, ரீடைரக்டைச் சரிசெய்தால் அவற்றின் பலன் திரும்ப வரும்.

மிதிவண்டி_நேசன்

ஆறு வாரம் கழித்து எழுதுகிறேன். 163 முகவரிகளில் 131ஐ ஒரே விதி பார்த்துக்கொண்டது, மீதி 32ஐக் கையால் எழுதினேன். சாஃப்ட் 404 இப்போது 40க்குக் கீழே வந்துவிட்டது. ஏழு செயின் கட்டுரைகளையும் ஒன்றாக்கி, ஸ்கேல் வைத்து அளக்கும் படத்தை மேலேயே போட்டேன், மூன்றாவது வாரத்தில் அது முதல் பக்கத்துக்கு வந்தது. அட்டவணைகள் கைப்பேசியில் பக்கவாட்டில் நகர்கிற மாதிரி மாற்றியாயிற்று. வருகை பழைய அளவில் முக்கால் பங்கு வந்திருக்கிறது. இண்டெக்ஸ் ஆகாத 58ல் இன்னும் 21 அப்படியே கிடக்கின்றன, அவற்றை அழித்துவிடலாமா?

நிலா_எழுதுகிறேன்

ரொம்ப சந்தோஷம்! அவசரப்பட்டு அழிக்காதீர்கள். ஒவ்வொன்றையும் திறந்து, இதை ஒருவர் தேடி வந்தால் அவர் வேலை முடியுமா என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். முடியும் என்றால் சம்பந்தப்பட்ட பெரிய கட்டுரையில் இருந்து அதற்கு ஒரு இணைப்பு கொடுங்கள், எங்கிருந்தும் இணைப்பே இல்லாமல் தனியாகக் கிடப்பதுகூடக் காரணமாக இருக்கலாம். முடியாது என்றால் பெரிய கட்டுரையோடு சேர்த்துவிடுங்கள், பழைய முகவரிக்கு 301 போட மறக்காதீர்கள்.